தலை நிமிராத புதன்கிழமைகள்

"ஐயா, எனக்குக் காது கேட்பதில்லை. முதலில் இடது காது போனது. பிறகு வலது. பல வருஷமாக இப்படித்தான். உங்களிடம் ஒரு தடவை சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள்."

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். நீலப் பால்பாயின்ட் பேனா. மேலே இடதுபுறம் 'புதன்' என்று மட்டும் இருக்கிறது. கீழே 'மெஹருன்னிசா, தையல் லைன் 4' என்று கையெழுத்து. அதில் 'தையல் லைன் 4' என்பதை அவரே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். அதை எழுதிய நாளில் அவர் அந்த லைனில் இல்லை.

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர், கிழமை போடாமல் நான் தும்முவதுகூட இல்லை என்று கேலி செய்து எழுதியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். போன வாரம்கூட, ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த நாளை வியாழன் என்று எழுதிவிட்டேன். பழைய நோட்டைப் பார்த்தேன், அது வெள்ளி. திருத்திக்கொள்ளவும்.

ஆனால் இந்த வாரம் எழுதப்போவதற்கு என்னிடம் தேதி இல்லை. இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு தேதியை நான்தான் தவறவிட்டேன்.

புதன், மூன்று மணி

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ தொழிற்சாலையில் நான் ஓய்வு பெறும்வரை வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடிந்ததும் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராகப் போய் அவர்களை ஏற்றிவரும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மல்லிகைப்பூ வாசம் வரும். பத்து மணிக்குள் அதைப் பசை வாடை தின்றுவிடும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு என் அறைக் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். மேஜைமேல் ஒரு நீளப் பதிவேடு. நாள், நேரம், பெயர், லைன், சொன்ன குறை, எடுத்த நடவடிக்கை, முடிந்ததா என்று ஏழு கட்டங்கள். அவர்கள் பேசப் பேச நான் எழுதுவேன். ஒரு சொல்லை விடமாட்டேன்.

நாளாக ஆக, பெண்கள் என் பேனாவின் வேகத்துக்குப் பேசக் கற்றுக்கொண்டார்கள். "பஸ்ஸு... மாதனூர்ல... நிக்கறதே... இல்ல சார்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள்.

மாதனூரிலிருந்து வரும் காமாட்சி என்கிற பெண் கொஞ்சம் வாயாடி. ஒருநாள் குறையைச் சொல்லி முடித்துவிட்டு, "எழுதிட்டீங்களா சார்? கமா, ஃபுல்ஸ்டாப்பு எல்லாம் போட்டீங்களா? அப்ப நான் வர்றேன்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலை நிமிராமலே சிரித்தேன்.

வேலூரில் என் வீட்டில் இதே புகார் வேறு மாதிரி வரும். "உங்ககிட்ட பேசறதும் போலீஸ் ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கறதும் ஒண்ணுதான்" என்பாள் என் மனைவி.

இந்தப் பழக்கம் ராணிப்பேட்டையில் வந்தது. அங்கே தோல் பதனிடும் ஆலையில், தோல் ஊறிச் சுற்றும் பெரிய மர டிரம்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. எப்போது சுற்றத் தொடங்கியது, எப்போது நின்றது, எந்த மருந்து எப்போது விட்டது. மணிக்கு ஒரு வரி. ஒரு வரி தவறினால் ஒரு டிரம் தோல் கெட்டுப்போகலாம்.

டிரம்முக்கு முகம் கிடையாது. அதனால் அங்கே நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே மனிதர்களிடம் வேலைக்கு வந்துவிட்டேன்.

சங்கு ஊதுவதற்கு முன்

மெஹருன்னிசா நான்காவது தையல் லைனின் சூபர்வைசர். நாற்பது சொச்சம் பெண்கள் அவர் பொறுப்பில். எல்லாருக்கும் அவர் மெஹருக்கா. சூபர்வைசர் ஆவதற்கு முன் பல வருஷம் ஹேமரிங் மெஷினில் இருந்தவர். தைத்த மடிப்பைத் தட்டித் தட்டித் தட்டையாக்கும் மெஷின் அது. அந்தப் பக்கம் போனால் சத்தம் காதில் கேட்பதோடு நிற்காது, பல்லில் அதிரும்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். சங்கு ஊத இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். லைன்கள் இருட்டாகக் கிடக்கும். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அன்றைய திட்டத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். எந்த மாடல், எந்த நிறம், எத்தனை ஜோடி. பிறகு உதடு அசைய அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். அப்புறம் நூல் கண்டுகளை ஒவ்வொரு மெஷினிலும் வைத்துக்கொண்டே போவார்.

ஒரு மார்கழிக் காலை, நான் அங்கே நின்று வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்:

"யாரும் நம்ம முதுக தட்டிக் குடுக்க மாட்டாங்க சார். நாமளேதான் தட்டிக்கணும். கை எட்டற வரைக்கும் தட்டிக்கலாம்."

சொல்லிவிட்டு வலது கையைத் தோளுக்குமேல் போட்டு, நிஜமாகவே தன் முதுகை இரண்டு தட்டு தட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை. நோட்டில் இருக்கிறது.

எட்டரை மணிக்கு ஒலிபெருக்கியில் அதே திட்டத்தை வாசிப்பார்கள். அதை நம்பி நிற்க முடியாததால்தான் அவர் முன்கூட்டியே மனப்பாடம் செய்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று 'ஆர்வம் மிக்கவர்' என்று எழுதிவைத்தேன்.

இன்னொன்று. மற்ற எல்லா லைனிலும் சூபர்வைசரின் ஸ்டூல் வரிசைக்குப் பின்னால் இருக்கும். இவர் மட்டும் தன் ஸ்டூலை முன்னால் கொண்டுவந்து, பெண்களின் முகங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார். கூடவே லைனுக்கு ஒரு சட்டம்: ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடக்கூடாது, கையைத் தூக்க வேண்டும். பக்கத்து லைன்காரிகள் "இன்னாடி, ஸ்கூல் லைனு, டீச்சர் வந்துட்டாங்களா?" என்று ஓட்டுவார்கள். ஆனால் அந்த லைனில் திரும்பிவரும் பிழைச் சரக்கு எப்போதும் கம்மி. மேலாளர் பாராட்டினார். நானும் 'நல்ல யோசனை' என்று எழுதினேன்.

முதல் பரிசு

ஒரு வருஷம் சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். சூபர்வைசர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. முதல் நாள், கவனித்துக் கேட்பது. இரண்டாம் நாள், தன்னைத்தானே ஊக்கப்படுத்திக்கொள்வது. கேன்டீனில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். ஊறுகாய் வாசம் போகவே இல்லை.

இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் இரண்டு நிமிஷம் பேச, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பலருக்குப் பாதிகூட வரவில்லை. மெஹருன்னிசாவுக்கு எதிரே கட்டிங் பிரிவு சூபர்வைசர், நல்ல பருமன், நல்ல மனுஷன். அவர் தன் பைக் பேஜார் செய்வதையும் மாமியாரின் முழங்கால் வலியையும் பற்றிப் பேசினார்.

மெஹருன்னிசா ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். முடித்துவிட்டு, "மாமியார் ஊருக்குப் போய்ட்டாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுங்கினாரு சார். அங்க இன்னாவோ சொல்லாம வுட்டுட்டாரு" என்றார்.

கட்டிங்காரர் எழுந்தே விட்டார். "அய்யோ மெஹருக்கா, உன் கால்ல விழறேன், எங்க வீட்ல போட்டுக் குடுத்துடாத!" கேன்டீனே சிரித்தது.

"இவங்களப் பாருங்க. ஆள் முகத்துலேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல. இதுக்குப் பேர்தான் கேக்கறது" என்றார் பயிற்சியாளர். எல்லாரும் கைதட்டினோம். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. மெஹருன்னிசா அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதாவது, அன்று பார்த்தேன்.

அடுத்த பயிற்சி, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து கேட்பது. நாற்காலிகளைத் திருப்பும்போதே மெஹருன்னிசா எழுந்து, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸோடு லைனுக்குப் போய்விட்டார்.

என் நோட்டில்: '11.20. தலைவலி. லைனுக்குத் திரும்பினார்.' அடுத்த வரி: 'எலுமிச்சை சாதத்தில் உப்பு ஜாஸ்தி.'

மாஸ்க்

கொரோனாவில் பூட்டிக்கிடந்த தொழிற்சாலை மறுபடி திறந்தபோது எல்லாரும் மாஸ்க்கோடு வந்தோம். நாற்பது பெண்களின் வாயும் ஒரே நாளில் மூடிக்கொண்டது.

எங்களுக்கு அது மூச்சுத் திணறல், காதுப் பின்னால் எரிச்சல், அவ்வளவுதான். அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இருந்த காரணங்களை எல்லாம் பாராட்டாக எழுதி மூடி வைத்திருந்தேன்.

புதன்கிழமைகளில் புதுவகைக் குறைகள் வரத் தொடங்கின. "மெஹருக்கா முன்ன மாரி இல்ல சார். பக்கத்துல போய் நின்னு பேசினாலும் சும்மா தலைய ஆட்டிட்டுப் போய்டறாங்க." இன்னொருத்தி, "ஹெட்வெயிட் சார். டிபன் பாக்ஸ் வாங்குனதுலேர்ந்து" என்றாள். மூன்று வாரத்தில் ஐந்து குறைகள். எண்ணி அடிக்கோடு போட்டேன்.

அப்புறம் காமாட்சியின் விரல். ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது. ஒரு கை மெஷினில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மறு கையால் மேஜையைப் பிடித்திருக்கிறாள், தூக்கிக் காட்ட கையில்லை. கத்தினாள். ஆறடி தள்ளி, பலகையைப் பார்த்துக்கொண்டு முதுகு காட்டி நின்றிருந்த மெஹருன்னிசா திரும்பவில்லை. பக்கத்து லைனிலிருந்து ஆள் ஓடிவந்துதான் மெஷினை நிறுத்தினார்கள்.

ஊசியை எடுத்துவிட்டார்கள், விரல் பிழைத்தது. ஆனால் கட்டுப்போட்ட கையோடு காமாட்சி என் அறைக்கு வந்து நின்று அழுதாள்.

"வலிக்கு அழல சார். அக்கா திரும்பிக்கூட பாக்கலையே சார். நாய் கத்தினாகூட திரும்புவாங்களே."

நாலு சொல்

மேலாளர் விசாரித்து எழுதித் தரச் சொன்னார். மெஹருன்னிசாவின் சூபர்வைசர் பொறுப்பு அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

என் அறை. எதிர் நாற்காலியில் அவர். நானும் மாஸ்க், அவரும் மாஸ்க். நேரம், தூரம், நின்ற திசை எல்லாவற்றையும் முதலில் எழுதிக்கொண்டேன். பிறகு, எழுதுகிற தாளைப் பார்த்தபடியே கேட்டேன்.

"காமாட்சி கத்துனப்ப ஏன் திரும்பல?"

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டேன். மேலே மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. தாளின் ஓரம் பறக்காமல் இருக்க அவர் ஒரு விரலை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த விரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது.

'மேற்பார்வையாளர் பதில் சொல்ல மறுத்தார்' என்று எழுதினேன். நாலு சொல். படித்துப் பார்க்கச் சொல்லித் தாளைத் திருப்பி வைத்தேன். படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கள் அவரை லைனிலிருந்து எடுத்து, ஷூ டப்பாவில் காகிதம் சுற்றி வைக்கும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். ஸ்டூல் இல்லை, சீட்டு இல்லை, பலகை இல்லை. ஒன்பது நாள் அங்கே வேலை செய்தார். பத்தாம் நாள் ராஜினாமா கொடுத்துவிட்டார். இந்த அரைத்தாள் என் பெயர் எழுதிய உறையில் தனியாக என் மேஜைக்கு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"காது கேக்காதுன்னா, அப்ப இத்தன வருஷம் சூபர்வைசரா இருந்ததே ரிஸ்க்தானே சார்? நல்லவேள, அவங்களாவே போய்ட்டாங்க. விடுங்க."

"அந்த அறிக்கைய மாத்தி எழுதித் தர்றேன்."

"கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

ஆமாம், போட்டிருந்தார். நான்தான் வாங்கினேன்.

காமாட்சியிடம் மட்டும் சொன்னேன். கட்டுப் பிரித்த விரலைத் தடவிக்கொண்டாள். "பாவி, ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லியிருந்தா, நாப்பது பேரும் அவளுக்கு காதா இருந்திருப்போமே" என்றாள். அதை நான் எழுதவில்லை. எழுதாமலே ஞாபகம் இருக்கிறது.

உச்சந்தலை

ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குப் பிறகு அவரைத் தேடிப் போனேன். முன்னாலேயே போயிருக்கலாம். போகாததற்கு நான் எழுதிவைத்திருக்கும் காரணங்கள் எதுவும் இங்கே போடத் தகுதியானவை அல்ல.

பேர்ணாம்பட்டில் மகள் வீட்டில் இருந்தார். முன்னறையில் நான்கு பெண்கள் பாயில் உட்கார்ந்து ஷூ மேல்பாகங்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை வெளியிலிருந்து வருகிறது, இவர் வாங்கிப் பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறார். நான்கு பேரும் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அன்றைய நிறம் கறுப்பு. அதற்குக் கீழே எத்தனை ஜோடி என்று.

"வாங்க சார்! இன்னா சார், இவ்ளோ இளைச்சுட்டீங்க?" என்றார். மகளிடம் உருதுவில் ஏதோ சொன்னார், தேநீர் வந்தது.

நான் பேசத் தொடங்கினேன். மாஸ்க் இல்லை. நோட்டு பையில் இருந்தது. அவரை நேராகப் பார்த்துத்தான் பேசினேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள். அவர் கண்ணைச் சுருக்கி என் வாயையே பார்த்தார். பிறகு கையை நீட்டி நிறுத்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க வாய் எனக்குப் பழக்கம் இல்ல. ஃபேக்டரில எல்லார் வாயையும் படிச்சு வெச்சிருந்தேன். வாட்ச்மேன் வாய்கூட தெரியும். உங்களுது மட்டும் பாத்ததே இல்ல. உங்க உச்சந்தலதான் தெரியும்." பாயிலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். "நோட்டு வெச்சிருப்பீங்கல்ல? எழுதிக் குடுங்க."

எடுத்தேன். 'என்னை மன்னிக்க வேண்டும்' என்று எழுதி நீட்டினேன்.

படித்தார். "இன்னா சார், கீழ தேதி போடல?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அடுத்த பக்கத்தில் எழுதினேன்: 'அன்று விசாரணையில் மூன்று முறை கேட்டேன். கேள்வியே தெரியவில்லையா?'

அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் ஊசி தோலைத் துளைக்கும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும்.

"தெரியும் சார். வேற இன்னா கேக்கப் போறீங்க? சொல்லிடலாம்னுதான் வந்தேன். நாற்காலில உக்காந்து ஒண்ணு நெனச்சேன். இவரு ஒரே ஒரு தடவ தலைய தூக்கி என் மூஞ்சப் பாக்கட்டும், எல்லாத்தயும் சொல்லிடலாம். அப்டி பாத்துக்கினே இருந்தேன். நீங்க பேனாவ மூடி வெச்சுட்டீங்க."

பிறகு அவரே, "முன்னாடி ஒரு தடவ சொன்னேனே சார், அப்ப ஒண்ணும் ஆவல. திருப்பிச் சொல்ல வாய் வரல" என்றார்.

'எந்த நாள்?' என்று எழுதினேன்.

"தேதி உங்ககிட்டதான் சார் இருக்கும். நல்ல மழ. பஸ்ஸெல்லாம் லேட்டு. புதன்கெழம, கடசி ஆளா உள்ள வந்தேன். நீங்க பச்சக் கலர் இங்க்ல எழுதிக்கினு இருந்தீங்க."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் வலது கை தோளுக்குமேல் போவதைப் பார்த்தேன். முதுகு வலிக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டாரா, தட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளே போய்விட்டார்.

இரண்டு புதன்கள்

பழைய பதிவேடுகளைக் கழிவுக் காகிதத்துக்குப் போடவிருந்தபோது கேட்டு வாங்கி வந்திருந்தேன். கட்டிலுக்கடியில் இருக்கின்றன. இன்னும் பசை வாடை அடிக்கிறது.

பச்சை மையில் நான் எழுதியது ஒரே ஒரு ஐப்பசி, கார்த்திகையில்தான். அதில் 'மழை, பஸ் தாமதம்' என்று குறித்த புதன்கள் இரண்டு. இரண்டிலுமே கடைசியாக வந்தவர் 'லைன் 4 மேற்பார்வையாளர்.'

முதல் புதனில், சொன்ன குறை என்ற கட்டத்தில்: 'மின்விசிறி ஓடவில்லை.' இரண்டாவதில்: 'குறை எதுவும் இல்லை.' இரண்டுக்கும் எதிரே, முடிந்தது என்று டிக் அடித்திருக்கிறேன்.

இரண்டு பக்கங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கையெழுத்தின் அழுத்தத்தை ஒப்பிட்டேன். மெஹருன்னிசா என்னிடம் சொன்ன நாள் இவற்றில் எது என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.